நெட்டித் தாள்

அரிசித்தாள் என்று சொல்லி நீட்டினார் மதாம் எர்னெஸ்தின்.
விளிம்பை விரல்நுனியால் தொட்டதுமே தெரிந்துவிட்டது:
நெட்டி.
தையில் மாட்டுக் கழுத்துக்குக் கட்டுவோமே, அந்த வகை.
காய்ந்தால் அப்பளம், நனைந்தால் உப்பும்.

கண்ணாடியை மட்டும் மாற்றச் சொன்னார்.
சட்டம் பிரித்து, செல்லரித்த அட்டையை உருவி
விளக்கைத் தாழ்த்தினேன்.
சீனத்துக் கான்டன் துறை.
ஆற்றோரம் வெள்ளைக்காரப் பண்டகசாலைகள்
தோளோடு தோள் இடிக்க,
வாசலுக்கு வாசல் ஒரு தேசத்துக் கொடி.
தண்ணீர் தெரியாத அளவுக்குப் படகுகள்.
நூற்று எண்பது வருஷத்துப் பச்சை
நேற்று அரைத்த மாதிரி.

பிரெஞ்சுக் கொடியில்தான் தப்பு.
கம்பத்தை ஒட்டிச் சிவப்பு, ஓரத்தில் நீலம்.
"மாமனார் வீட்டுக் கூடத்தில்தான் தொங்கியது,
ஒருத்தர் கண்ணிலுமா படவில்லை?"
சிரித்தார் மதாம். பிறகு சிரிக்காமல்,
"நீங்களே திருத்திவிடுங்களேன்,
இரண்டு பொட்டு வண்ணம்தானே."

அந்த ஆளை எனக்குத் தெரியும்.
பேர் தெரியாது, கை தெரியும்.
நாளுக்கு ஆறு துறைமுகம் முடிப்பவன்.
கப்பல் கிளம்புமுன் காய வேண்டும்.
வாங்குகிறவனுக்குத் தன் கூரை தெரிய வேண்டும்,
அவ்வளவுதான்.

நான் மஞ்சள் சுவர் போடுகிறேன்.
மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டி, காகிதப்பூ,
சாத்திய நீலக் கதவு, சாய்த்த சைக்கிள்.
கடற்கரைச் சாலையில் முந்நூறு ரூபாய்.
குடியிருப்பது முத்தியால்பேட்டையில்.
அதை ஒரு தடவையும் வரைந்ததில்லை, யார் கேட்டார்கள்?
வீதிப் பலகையில் ஒரு பிரெஞ்சு எழுத்தை விழுங்கிவிட்டு
நாற்பது படம் விற்றிருக்கிறேன்.
லியோன்காரர் ஒருவர் சுட்டிக் காட்டினார்.
காட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

நீலம் குழைத்தேன்.
தூரிகை நுனியைக் கூராக்கிக் குனிந்தால்
கொடிக்கு நேர் கீழே, படகின் பின்கோடியில்
எறும்புத் தலையளவு ஒருவன்.
அடுப்பு. அடுப்பில் சட்டி.
அத்தனை தேசத்துக்கும் முதுகைக் காட்டி
சோறு வெந்ததா என்று பார்க்கிறான்.
யாரும் அவனைக் கேட்டிருக்க மாட்டார்கள்.
சட்டிக்கு மேலே ஒற்றை மயிரால் இழுத்த
வெள்ளை ஆவி.

"ஈரம் பட்டால் தாள் உப்பிவிடும், மதாம்."
பாதி உண்மை.
கண்ணாடிக்கு நானூற்றைம்பது வாங்கினேன்.

மறுநாள் மஞ்சள் சுவரடியில்
ஒருவனை முதுகு காட்டி உட்கார வைத்தேன்,
மீன் கழுவுகிறவன்.
மூன்று பேர் எடுத்துப் பார்த்தார்கள்.
நாலாவதாய் வந்த பெண் கேட்டாள்:
ஆள் இல்லாமல் ஒன்று இருக்குமா?

இருந்தது. கொடுத்தேன்.
அவன் கிளிப்பில் தொங்குகிறான்,
காற்றுக்குத் திரும்பித் திரும்பி,
செதில் உரித்துக்கொண்டு.