முதலில் ஏறி, கடைசியில் இறங்குபவள்

டொலீடோ நகரப் பள்ளிப் பேருந்துகளுக்கு
வழி வரைவது என் வேலை.
இந்த இலையுதிர்காலத்தில் மட்டும்
டனேயாவுக்காக ஐந்து முறை அழித்து வரைந்தேன்.

செப்டம்பரில் சித்தி வீட்டுக் கூடம்.
வாடகைக்கு விட்டவர் வந்து தலை எண்ணிய மறுநாள்
விமான நிலையச் சாலையில் ஒரு மோட்டல், அறை 114.
பிறகு இன்னொரு மோட்டல், கைப்பணம் தீரும்வரை.
பிறகு தேவாலயத்தின் நிலவறை,
அங்கே விடியுமுன் படுக்கையைச் சுருட்டிவிட வேண்டும்.
பிறகு கார்.

காருக்கு எந்த நிறுத்தம்?
திரையில் கட்டம் காலியாய்த் துடித்தது.
'சலவைக் கடை வாசல், எரியும் விளக்கின் கீழ்' என்று அடித்தேன்.
ஏற்கவில்லை. கதவு எண் கேட்டது.
சலவைக் கடையின் எண்ணைக் கொடுத்தேன்.

சித்தி வீட்டை விட்ட வாரம்
அவள் அம்மா லட்ரிஸ் எங்கள் அலுவலகத்தில் நின்றாள்.
மாற்றுச் சான்றிதழ் வேண்டுமாம்.
மோட்டலுக்குப் பக்கத்துப் பள்ளியில்
வாடகைச் சீட்டு கேட்டிருக்கிறார்கள், தடுப்பூசி அட்டையும்.
அட்டை ஒரு பெட்டியில்,
பெட்டி ஒரு வாடகைக் கிடங்கில்,
கிடங்கின் பூட்டு மூன்று மாத பாக்கியில்.
கடன் கேட்பவள் குரலில் எல்லாம் சொன்னாள்.

மிஸ் ஷிமான்ஸ்கி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.
"மாற்றவே வேண்டாம். அதே பள்ளி, அதே மேசை.
அங்கே சேர்த்தாலும் காகிதத்துக்காக
ஒரு நாள்கூடப் பிள்ளையை நிறுத்திவைக்கக் கூடாது.
பேருந்து எங்கள் பொறுப்பு.
நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை, சட்டத்தில் இருக்கிறது."
"சட்டத்திலா?" என்றாள் லட்ரிஸ்.
கையெழுத்துப் போட்ட பேனாவை
மறந்து பையில் வைத்துக்கொண்டு போனாள்.

சட்டத்தில் இல்லாத ஒன்றை
டனேயாவே கேட்டாள்,
ஓட்டுநர் கையில் மடித்துக் கொடுத்த தாளில்:
'நான் ஏறும் இடத்தை யாரும் பார்க்காமல் முடியுமா?'

அன்று சாப்பாட்டைத் தள்ளிவைத்து
நாற்பத்தேழாம் எண் பேருந்தைத் தலைகீழாக்கினேன்.
ஆற்றைச் சுற்றிப் பதினொரு நிமிடம் கூடுதல்.
மேலதிகாரி டீசல் கணக்குக் கேட்டார்.
பாலத்தில் வேலை நடக்கிறது என்றேன்.
எந்தப் பாலம் என்று அவர் கேட்கவில்லை.

இப்போது அவள்தான் முதலில் ஏறுகிறாள், இருட்டில்.
கடைசியில் இறங்குகிறாள்.
நடுவில் ஏறி இறங்கும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும்
அவள் எப்போதும் அங்கேயே இருப்பவள்,
மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்.

போன வாரம் அறிவியல் பாடம்:
காகிதக் கோப்பை, ஈரப் பஞ்சு, ஓர் அவரை விதை.
'வீட்டு ஜன்னலில் வைக்கவும்' என்று அச்சடித்திருந்ததாம்.
அவள் மூன்றாம் வரிசை ஜன்னலில்
நாடா போட்டு ஒட்டிவிட்டாள்.

சனி ஞாயிறுகளில் பேருந்துகள் உறைந்து நிற்கும்.
ஆகவே வெள்ளி மாலை அது என் மேசைக்கு வருகிறது.
இரண்டு இலை. ஒன்றில் மட்டும் ஒரு கிழிசல்.
திங்கள் ஐந்தரைக்கு மறக்காமல் ஏற்ற வேண்டும்.
வழித்தாளில் அவள் பெயருக்கு மேலே
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்:
கோப்பை.