பதினேழாவது தூண்

நிலத்தடித் தூண்களுக்கு மஞ்சளும் கறுப்புமாய்
பட்டி அடிக்கச் சொன்னது அலுவலகம்.
கார்கள் இடிக்கின்றனவாம்.
நேர்கோட்டுக்காகக் காகித நாடா ஒட்டினேன்.
இடுப்புயரத்தில் சுருங்கி
ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.
நாடாவைத் திட்டினேன். வேறு சுருள் வாங்கினேன்.
அதுவும் தூக்கியது.

பிறகுதான் அளந்தேன்.
அடியில் சுற்றளவு நூற்று எண்பத்தெட்டு,
இடுப்புக்கு நேரே நூற்றுத் தொண்ணூற்றொன்று,
கூரையடியில் நூற்று எழுபது.
இருபத்தெட்டும் அப்படியே.
கண்ணுக்குத் தெரியாத அளவு
மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கிறது கொங்கிரீட்.

கொதிகலன் அறையில் கிடந்த வரைபடத்தின் மூலையில்
ஸ்டாமாட்டிஸ் வெர்கோஸ், காசெல், 1959.

மூன்றாம் மாடி ஹோலன்பெக் அம்மா
அந்நாளில் நகரசபையில் தட்டச்சு செய்தவர்.
"கிரேக்கர்தானே, வாசலில் இரண்டு தூண் வையுங்களேன்"
என்று அதிகாரி சிரித்தாராம்.
"போரின்போது நீங்கள் எங்கே?"
என்று வெர்கோஸ் கேட்டாராம்.
"தெற்கே."
தெற்கே எங்கே என்று அவர் கேட்கவில்லை.
பென்சிலைச் சீவினார்,
சீவித் தீரும்வரை யாரும் கதைக்கவில்லை.

வாசலில் அவர் வைத்தவை தபால்பெட்டிகள்,
குழந்தை வண்டிக்கு ஒரு சரிவு.
சமையலறை ஜன்னல்கள் விதித்த அளவைவிட
எட்டு சென்டிமீட்டர் அகலம்;
அதற்காக வந்த கண்டனக் கடிதத்தையும்
ஹோலன்பெக் அம்மாதான் தட்டச்சு செய்தார்.

போன ஐப்பசியில் தொப்பி போட்ட ஒருவர்
மணி அடித்து நிலத்தடிச் சாவி கேட்டார்.
வாடகைக்கு இடம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.
முகப்பை ஏறிட்டும் பார்க்கவில்லை.
பதினேழாவது தூணில் உள்ளங்கையை வைத்து
மெல்ல மேலே கொண்டுபோனார்,
எட்டியவரை.
சிவப்புக் கீறல் ஒன்றில் விரல் நின்றது.
முகர்ந்து பார்ப்பவர்போலக் குனிந்து
"ஓப்பல்" என்றார்.
அவ்வளவுதான். சாவியைத் தந்துவிட்டு
டிராமுக்கு ஓடினார், அந்த வயதில்.

நாடாவை எறிந்துவிட்டுக்
கையாலேயே அடித்து முடித்தேன்.
கோடுகள் கொஞ்சம் வளைகின்றன.
விளக்கைப் போட்டால் வரிசையாய்க் குளவிகள்,
இடுப்பு மட்டும் பெருத்த குளவிகள்.

அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கை:
இருபத்தேழு முடிந்தது.
பதினேழில் ஈரக்கசிவு,
காய்ந்த பிறகு பார்க்கலாம்.

ஈரம் ஒன்றுமில்லை.
கீறல் இருக்கிறது.