சிறிய எழுத்தில் ஒரு நகரம்

டகோமா துறைமுகம், விசாரணை அறை, மூன்றாம் மாடி.
ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது.
மேசைக்கு அந்தப் பக்கம் பியன் ஷௌதியன்.
கணவாய் பிடிக்கும் கப்பலில் இருபத்தாறு மாதம்,
இடது கையில் இரண்டு விரல் குறைவு.
இந்தப் பக்கம் நான், மொழிபெயர்ப்பாளர்,
மணிக்கு எழுபது டாலர், பார்க்கிங் தனி.

வக்கீல் லிண்ட்க்விஸ்ட் எழுந்தாள்.
ஒரே வாக்கியம்:
"என் கட்சிக்காரரை ஷாங்காய் செய்திருக்கிறார்கள்."

வாயைத் திறந்தேன்.
உள்ளே சொல் இல்லை.

ஷாங்காய் நான் பிறந்த ஊர்.
யாங்பூவில் நூற்பாலைக்குப் பின்சந்து,
ஒரு குழாய்க்கு ஒன்பது குடும்பம்,
வெங்காயத்தாள் வதங்கும் எண்ணெய் மணம்
எது எங்கள் வீடு என்று எனக்குச் சொல்லும்.
பெயரை எழுதப் பழகியது ஆறு வயதில்.
முதலில் 'மேலே': ஒரு நிமிர்ந்த கோடு, ஒரு குட்டைக் கை, ஒரு தரை.
பிறகு 'கடல்': மூன்று துளித் தண்ணீர்,
அதன் பக்கத்தில் 'ஒவ்வொன்றும்' என்ற சொல்.
கடல்மேல். அவ்வளவுதான் பெயர்.
அதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை.

அகராதி வேறு கதை சொல்கிறது.
மயக்க மருந்து கொடுத்து, அல்லது மண்டையில் போட்டு,
விழிக்கும்போது கப்பலில் இருக்கச் செய்தல்.
நூற்றைம்பது வருடத்துக்கு முன், இதே கரையோரம்,
சாராயக்கடையில் தலைக்கு இவ்வளவு என்று ஆள் விற்றார்களாம்.
விற்றவன் இந்த ஊர்க்காரன்.
வாங்கிய கேப்டனும் எங்கள் ஆள் இல்லை.
கப்பல் போன திசையில் நாங்கள் இருந்தோம்,
அது போதுமானதாக இருந்திருக்கிறது.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தட்டச்சு செய்த டோரீன் கையைத் தூக்கினாள்:
"பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா?"
"சிறியது. வினைச்சொல்."
இரண்டரைக் கோடிப் பேர் ஒரு விசைக்குள் குனிந்தோம்.
எங்கள் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது;
யாரையும் அப்படிக் குட்டையாக்க முடியாது.

"என்ன சொன்னாங்க?" என்றார் பியன்.
'கடத்தினார்கள்' என்று சொல்லியிருக்கலாம்.
சம்பளம் அதற்குத்தான்.
ஏனோ உள்ளபடியே சொன்னேன்:
"உங்களை அவர்கள் ஷாங்காய் ஆக்கிவிட்டார்களாம்."

அவர் வெகுநேரம் யோசித்தார்.

"ஓட்டல் சமையற்கட்டு வேலை என்றுதான் கையெழுத்து வாங்கினான்.
கான்சுவிலிருந்து நிங்போவுக்கு ரயில்.
ஷாங்காயில் பதினொரு நிமிடம் நின்றது.
ஒரு பெண்ணிடம் தேநீரில் வேகவைத்த முட்டை வாங்கினேன்.
வண்டி நகர்ந்துவிட்டது.
மீதிச் சில்லறையோடு பிளாட்பாரத்தில் ஓடிவந்து
ஜன்னலுக்குள் எறிந்தாள்.
ஒரு காசு என் காலரில் விழுந்து சில்லென்றது.
நிங்போவில் ஏறிய கப்பல்தான் என்னைத் தின்றது.
அந்த ஊர்மேல் எனக்குப் புகார் இல்லை.
எழுதச் சொல்லுங்கள்."

சொன்னேன். குரல் கொஞ்சம் பிசிறியது.
டோரீன் தட்டினாள்.
இந்த முறை யாரையும் கேட்கவில்லை.
பக்கம் பதினான்கு, வரி ஆறில் சிறியது.
வரி இருபதில் பெரியது.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
எங்கள் ஊருக்குச் செல்லப்பெயர் ஹூ.
வண்டிகளின் நம்பர் பலகையில் முதலில் அதுதான் நிற்கும்.
பழைய மீனவர்கள் சேற்றில் நட்ட மூங்கில் பொறி அது.
ஏற்றத்தில் மீன் தானாகவே உள்ளே வரும்.
வற்றும்போதுதான் அதற்குத் தெரியும்.

கேட்காததைச் சொல்வது மொழிபெயர்ப்பாளர் வேலை அல்ல.
பில்லில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன்.
மழை. கார் கண்ணாடியில் அபராதச் சீட்டு.
கீழே விரிகுடாவில்
தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.