பதினான்காவது ஷரத்து

எல்லாம் ஒரு 'லாம்'தான்.
ஊக்கத்தொகை 'வழங்கலாம்' என்று டைப் ஆகியிருக்கிறது.
'வழங்கப்படும்' என்றுதான் பேசினோம்.

தேனாம்பேட்டையில் அன்று இரவு ஒன்றேகால்,
பதினோராம் சுற்று.
சமரச அதிகாரிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது.
ஜெசிந்தாவின் பையிலிருந்த கடலைமிட்டாயைத்
தின்றுகொண்டே வாசித்துக் காட்டினார்.
எத்திராஜுலு தலையாட்டினார், நானும்.
'முடிஞ்சுதுப்பா' என்று அம்பத்தூருக்குச் சொன்னேன்.
கேட்டில் சரம் வெடித்தது
போனிலேயே கேட்டது.

நான்கு வருஷம் ஆகிறது.
பாரிமுனை வெயிலில்
ஒரு விகுதியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறோம்.

நிர்வாகத்தின் வக்கீல் தமிழ் படித்தவர்.
"'லாம்' என்பது அனுமதி, கனம் கோர்ட்டார் அவர்களே.
கடமை அல்ல."
எங்கள் நூருல்லா எழுந்தார்.
"வீட்டுக்கு வந்தவரைச் 'சாப்பிடலாம்' என்று கூப்பிடுகிறோம்.
இலையும் போட்டாயிற்று.
அதற்கப்புறமும் அது வெறும் அனுமதியா?"
நீதிபதி சிரித்தார்.
சிரித்துவிட்டு வாய்தா கொடுத்தார்.

கையெழுத்துப் போட்ட பத்ரிநாத்
இப்போது வேறு கம்பெனி.
சாட்சிக்கு மட்டும் வந்து
'நினைவில்லை' என்றார், ஒன்பது முறை.
கடலைமிட்டாய் நினைவிருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன்.
நூருல்லா கேட்கவில்லை.

இதற்குள் வார்ப்படப் பிரிவில்
பழனியாண்டி இறந்துபோனான்.
மனுவின் அட்டவணையில் அவன் முப்பத்தேழு.
இன்னும் முப்பத்தேழுதான், யாரும் அடிக்கவில்லை.
அவன் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகிறாள்,
வராந்தாவில் எங்கள் பக்கத்தில் நின்று
எங்கள் பேச்சையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.
போன வாரம் மெதுவாகக் கேட்டாள்:
"அந்தப் பணம் வரலாமா, சார்?"

வருமா என்று கேட்க வந்தவள்.

பழைய ஒப்பந்தமே காலாவதியாகிவிட்டது.
புதிய கோரிக்கைப் பட்டியலுக்கு
இன்று சங்க அறையில் உட்கார்ந்திருக்கிறோம்.
வாக்கியத்தை நான் வாலிலிருந்து படிக்கிறேன்.
கேன்டீன் மானியம் உயர்த்தப்படும்.
காலியிடங்கள் நிரப்பப்படும்.
ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரமாக்கப்படும்,
இல்லை, இல்லை, நிரந்தரமாக்கப்படுவார்கள்,
திருத்து, ஜெசிந்தா, ஆட்கள் அவர்கள்.

அவள் திருத்துகிறாள்.
சுவருக்கு அந்தப்பக்கம் இரண்டாம் ஷிப்டு.
பிரஸ் இறங்குகிறது
படும்
படும்
என்று.