கண்ணடித்த விலை

முதுநகர் துறைமுகத்தில் காலை நாலரைக்கு
யாரும் வாய் திறந்து விலை கேட்பதில்லை.
ஒரு விரல், ஒரு மூக்குச் சொறிதல்,
இடுப்பில் செருகிய முந்தானையை ஒருமுறை தொடுதல்.
ஏலக்காரர் தாண்டவராயன் அத்தனையும் படிப்பார்.
என் இடக்கண்ணையும் படித்தார்.

அது தானாக மூடிக்கொண்டது.
"அஞ்சலாட்சி, எட்டாயிரத்து நூறு!"
மறுபடி மூடியது.
"எட்டாயிரத்து இருநூறு!"
ஒன்பது கூடை மத்தி என் தலையில்.
நான் இரண்டு கூடைக்காரி.
மிச்சம் ஏழும் கருவாடாகப் போனது.

கண்ணடிக்கிறாள் என்றது ஐஸ் பேக்டரி வாசல்.
லாரிப் பையன் ஒருவன் பதிலுக்கு அடித்தான்.
வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை,
சாப்பிடும்போது மட்டும்
என் வலப்பக்கமாக உட்காரத் தொடங்கினார்.

இடக்கண் துடித்தால் பெண்ணுக்கு நல்ல சேதி வருமாம்.
பதினாலு மாதம் துடித்தது.
சேதி கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இருந்தது.

டாக்டர் நிலோஃபர் சின்னப் பெண்.
ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள்.
தூக்கிப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை.
"காலியா இருக்கேம்மா?"
"இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. விஷம்."
"எதோட விஷம்?"
"காத்துப் புகாத இடத்துல வளர்ற கிருமி.
மண்ணுல, கடல் சேத்துல கிடக்கும்.
மூடி வெச்ச கறி, மீன் கெட்டா விஷமா மாறும்."

முப்பது வருஷம்
செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்த்து வாங்குகிறவளிடம்
கெட்டதின் சாற்றைக்
கண்ணோரம் ஏற்றுகிறேன் என்கிறாள்!

"நரம்பு கூவும். தசைக்குக் கேக்காது. மூணு மாசத்துக்கு."
ஏலத்தில் அப்படிப்பட்ட செவிடர்களை
நிறையப் பார்த்திருக்கிறேன்.
சம்மதித்தேன்.
நெத்திலி முள் ஏறுவதுபோல் ஐந்து குத்து.
ஆறாம் நாள் இமை அடங்கியது.
வீட்டுக்காரர் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.

ஏலத்தில் எனக்கு எதிரே நிற்பவள்
புதுச்சேரி ஏற்றுமதிக் கம்பெனி எவாஞ்சலின்.
ஐம்பத்தைந்து வயது, நெற்றி கழுவிய பீங்கான்.
வஞ்சிரம் இறங்கும்போது
அவளுக்கு எவ்வளவு ஆசை என்று
தாண்டவராயனாலேயே சொல்ல முடியாது.
ஒருநாள் டீக்கடையில் அவளே சொன்னாள்:
"எனக்கும் அதே ஊசிதான், அஞ்சலாட்சி.
மிஷன் வீதிப் பக்கம், பதினெட்டாயிரம்."
சிரித்தாள். முகத்தின் கீழ்ப்பாதி மட்டும் சிரித்தது.
எனக்கு இலவசம் என்று சொல்ல
ஏனோ கூச்சமாக இருந்தது.

அவள் அண்ணன் மகள் பெனித்தா.
நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்க
ஏதோ பார்லர் மாடியில், பாதி விலைக்கு,
லேபிள் இல்லாத குப்பியில் போட்டுக்கொண்டாள்.
மூன்றாம் நாள் இரண்டு இமையும் சரிந்தன.
குடித்த தண்ணீர் மூக்கில் வந்தது.
பேச்சு குழறியது.
பிறகு மூச்சு.
பத்தொன்பது நாள் தொண்டையில் குழாய்.
புத்தி மட்டும் உள்ளே முழித்துக்கொண்டு
எல்லார் பேச்சையும் கேட்டுக்கொண்டு கிடந்ததாம்.

அந்த வாரமும் எவாஞ்சலின் ஏலத்துக்கு வந்தாள்.
தண்ணீர் தாடை வரை ஓடுகிறது,
நெற்றி மட்டும்
யார் வீட்டுச் சாவோ என்றிருக்கிறது.
தாண்டவராயன் குழம்பிப்போய்
கூவுவதை நிறுத்தினார்.
நான் கூடையை வைத்துவிட்டுப்
பக்கத்தில் போய் நின்றேன்.
"இன்னிக்கு விரலை மடக்கினா," என்றாள்.
வேறொன்றும் பேசவில்லை.
வஞ்சிரம் வேறு யாருக்கோ போனது.

எனக்கு இது பதினோராம் வாரம்.
இன்று பல் துலக்கும்போது
இமை லேசாக ஒரு சுண்டு சுண்டியது.
வியாழக்கிழமை கோரிமேடு.
இந்த முறை குப்பியைக் கையில் வாங்கி
லேபிளை முழுசாகப் படித்துக் காட்டச் சொல்வேன்,
கோபித்தாலும் சரி.

தாண்டவராயனிடம் சொல்லிவிட்டேன்:
"வியாழன் வரைக்கும்
என் கண்ணை நம்பாதீங்க அண்ணே.
வேணும்னா வாயால கேக்குறேன்."