நீல மீட்டர்

முப்பத்தொன்பது கிலோ. லிஃப்ட் பழுது.
நாலாம் மாடிவரை நானும் இம்தியாஸும்
படிக்கொரு தரம் மூச்சு வாங்கி ஏற்றிய பெட்டி.
ஹார்ல்பெக்.
கறுப்புக் கண்ணாடிக்குள்ளே
இரண்டு நீல மீட்டர்.

ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தையில் கூடுவார்கள்.
டொக்டர் எதிர்மன்னசிங்கம்
தேத்தண்ணி எடுக்க உள்ளே போனதும்
தொடங்கும்.

"காது இல்லாதவன் கண்ணால் கேட்க வாங்குவது"
என்பார் கொரேயா.
"பேஸா இது? குழைந்த சோறு.
அகப்பையை விட்டு இறங்குதில்லை"
என்பார் நளீம்.
பஞ்சலிங்கம் வாய் திறக்கமாட்டார்.
தானே ஈயம் ஊற்றிச் செய்த வால்வுப் பெட்டி
வீட்டில் இருக்கிறது அவருக்கு.
மீட்டர் முள் துள்ளும்போதெல்லாம்
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பிழை சொல்ல ஏலாது.
மூடியைக் கழற்றிப் பார்த்தவன் நான்.
விலையில் கால்வாசி அந்தக் கண்ணாடிக்கு,
இன்னொரு கால்வாசி பெயருக்கு.
கண்டென்சர் நாலும்
புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கக்கூடியவை.
ஆனால்
ஒவ்வொரு வயரும்
வளைய வேண்டிய இடத்தில் மட்டும் வளைந்திருந்தது,
எவனும் திறந்து பார்க்கப்போவதில்லை
என்று தெரிந்தும்.
இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

கடற்கரை ரயில் வரும்.
அலுமாரிக் கண்ணாடி அதிரும்.
பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்.
அந்தச் சத்தத்தில் மட்டும்
ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை தெரியவந்தது,
டொக்டர் மகளோடு மெல்பேர்ண் போகிறாராம்,
பெட்டியை என் கையில் விட்டுவிட்டு.

புதன் காலை கொரேயா:
"சும்மாதான் கேட்கிறன். என்ன விலை சொல்லுவார்?"
மத்தியானம் நளீம்.
மச்சான் ஒருவருக்காம்.
மச்சானுக்குப் பாட்டுக் கேட்கிற பழக்கமே இல்லை
என்று போன மாதம் சொன்னதும் அவர்தான்.

இரவு பத்தரைக்குப் பஞ்சலிங்கம்.
மனைவி நித்திரை போலும்,
குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.
விலை கேட்கவில்லை. டிரான்ஸ்ஃபோர்மர் கேட்கவில்லை.
"தம்பி,
அந்த மீட்டர் பல்ப்
ரெண்டும் எரியுதுதானே?"

எரியுது என்றேன்.
மூவருக்கும்
ஒரு லட்சம் கூட்டித்தான் சொன்னேன்.
மாதம் பதினையாயிரம் கட்டி வருகிற சீட்டு
எனக்கு விழ
இன்னும் ஏழு மாதம் கிடக்கிறது.