மெய்ப்பு

செந்தூல் பாசாருக்குப் பின்னால்
கீழே டயர் கடை, மேலே அச்சகம்.
வியாழன் இரவுகளில் உடும்பன் என் மேசைக்கு வருவான்,
மை காயாத நான்கு பக்கங்களாக.

ஊர் தள்ளிவைத்தவன்.
ஈயக்குட்டையோரம் தகரக் கொட்டகையில் குடியிருப்பு.
வெள்ளம் வந்தாலும் கோயில் உண்டியல் காணாமல் போனாலும்
முதல் கல் அவன் கூரைமேல்தான்.
மறுவாரம் அவனிடமே ஓடிவருவார்கள், காப்பாற்று என்று.
நூற்று நாற்பது வாரமாகக் காப்பாற்றுகிறான்.

என் வேலை ஒற்று மிகும் இடம், மிகா இடம்.
ளகரமா, ழகரமா.
அவன் வலி என் சம்பளத்தில் சேராது.
ஆனால் பிழை தேடிப் பழகிய கண்
பிழையோடு நின்றுகொள்ளுமா?

பதினேழாம் வாரம்.
பாராங் ஏந்திய ஒன்பது பேருக்கு நடுவே
சிரித்தபடி நடந்து வந்தவன்,
மளிகைக் கடை வாசலில்
சிவப்பும் மஞ்சளுமாய்க் கைப்பிடி வளைந்து
கொத்தாகத் தொங்கும் ரோத்தான்களைக் கண்டதும்
சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிறான்.
கதைக்கு அது தேவையே இல்லை.
இடமில்லை, வெட்டு என்றார் முதலாளி.
நான் சோப்பு விளம்பரத்தைச் சுருக்கினேன்.

நாற்பத்திரண்டு: கதவுக்கு முதுகு காட்டி அவன் தூங்குவதில்லை.
அறுபத்தெட்டு: நன்றி சொல்ல வந்த கிழவர்
தலையைத் தடவக் கை தூக்குகிறார்,
இவன் கண்களை இறுக மூடிக்கொள்கிறான்.
தொண்ணூறோ தொண்ணூற்றொன்றோ:
"என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே."
ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

வாசகர்களும் மோப்பம் பிடித்தார்கள்.
காப்பாரிலிருந்து ஓர் அம்மா:
அந்தப் பிள்ளையை யாரய்யா அப்படி அடித்தது?
புடுவிலிருந்து ஒரு லாரிக்காரர்:
யாரும் அடிக்கவில்லை, அவன் பிறவியே அப்படி,
எங்கள் உடும்பனை அழுமூஞ்சி ஆக்காதீர்கள்.

செங்கோடனிடமே கேட்டேன்.
எழுதுகிறவர்; பகலில் கிள்ளான் துறைமுகத்தில் கணக்கர்.
"எழுதாதது நடக்கவில்லை" என்றார்.
"அவனுக்குச் சின்ன வயசே கிடையாது.
இருபத்தாறு வயசில் என் பேனாவிலிருந்து இறங்கியவன்."

சரிதான்.
மையில் பிறந்தவனுக்கு ஏது தழும்பு.

ரொட்டிச் சானாய் வந்தது.
அவர் இடது கை மேசைமேல் ஏறி
தட்டைச் சுற்றி வேலியாய் வளைந்தது.
பிடுங்க ஆளில்லாத தட்டு.
மழைக்கு ஒதுங்கியவர்கள் மாமாக் கடையை நெருக்கியதாலும் இருக்கலாம்.
ஒரு கையை வைத்து ஓர் ஆளைப் படிக்கக் கூடாது
என்று எனக்கே சொல்லிக்கொண்டு குனிந்தேன்.
என் தேநீரைச் சுற்றி
என் கை.

தொடரை முடிக்கச் சொல்லிவிட்டார்கள்.
கடைசிப் பக்கத்தில், முதலாளி கேட்டபடி,
எல்லாரும் நிம்மதியாய்த் தூங்க ஒரு வரி:

தாயில்லாப் பிள்ளையைச் சித்தப்பா அணைத்து வளர்த்தார்.

அணைத்து.
மூன்று சுழி சரி. ஒற்று சரி.
பிள்ளைக்கும் இதே சொல்தான்.
விளக்குக்கும்.
கடைசி ரயில் ஆளில்லாமல் செந்தூலுக்குள் போனது.
ஒன்றரை மணிக்கும் அந்த வரியில்தான் இருந்தேன்.
பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்,
எனக்காக.

பக்கம் கட்டுகிற லோகேந்திரன் புது ஆள்.
திருத்தம் என்று நினைத்து
முற்றுப்புள்ளியைத் தூக்கிவிட்டு அதை ஏற்றிவிட்டான்.
சனிக்கிழமை ஈப்போவரை போய்விட்டது:
சித்தப்பா அணைத்து வளர்த்தார்?

செங்கோடன் போன் செய்தார்.
பின்னணியில் கப்பல் சங்கு.
"யார் போட்டது?"
"நான்தான்."
வேலை போயிற்று என்றே நினைத்தேன்.
வெகுநேரம் சங்கு மட்டும்.

பிறகு,
"புத்தகமாக வரும்போது
அதை எடுத்துவிடாதீர்கள்" என்றார்.
பசியாறிட்டீங்களா என்றும் கேட்டார்.